பட்டம் வாங்காத மைக்கேல் டெல் எதை விட்டார், எதை விடவில்லை

கல்லூரியைப் பாதியில் விட்டுப் பெரும் பணக்காரரானவர்கள் என்ற பேச்சு எழுந்தால் பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ், மார்க் ஸக்கர்பெர்க் என்று மூன்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். டெல் கணினி நிறுவனத்தைத் தொடங்கிய மைக்கேல் டெல்லின் பெயர் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும், அதுவும் மேசையில் அவருடைய கணினி இருந்தால். அவர் எதையும் கண்டுபிடித்ததாக யாரும் சொல்வதில்லை. மேடையில் ஏறிக் கூட்டத்தை மயக்குபவரும் இல்லை. மற்றவர்கள் வடிவமைத்த பாகங்களைக் கோத்து, மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்கு விற்றவர். இந்த ஆய்வுக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். மேதைமை, கண்டுபிடிப்பு என்ற பளபளப்பை ஒதுக்கிவிட்டால் பட்டம் இல்லாத ஒருவரிடம் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை வெறும் கணக்காகவே பார்க்க முடிகிறது. ஃபோர்ப்ஸ் இதழின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் அவருடைய சொத்து மதிப்பு 9,000 கோடி டாலருக்கு மேல்.

இவருடைய வரலாற்றைப் படிக்கும்போது என் மனதில் உறுதிப்பட்டது ஒன்றுதான். கல்லூரியை விட்டது இதில் மிகச் சிறிய முடிவு. மிக மலிவான முடிவும்கூட. கதையாகச் சொல்ல வசதியாக இருப்பதால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

வீடு

மைக்கேல் 1965 பிப்ரவரி 23 அன்று ஹூஸ்டனில் பிறந்தார். தந்தை பல் சீரமைப்பு மருத்துவர், தாய் பங்குத் தரகர். இரவு உணவு மேசையில் வட்டி விகிதமும் எண்ணெய் விலையும் பேசப்பட்ட வீடு. பன்னிரண்டு வயதில் தபால்தலைகளைத் திரட்டி, இடைத்தரகர் இல்லாமல் தாமே விளம்பரம் செய்து விற்று ஏறத்தாழ 2,000 டாலர் சம்பாதித்தார். பதினைந்து வயதில் ஒரு ஆப்பிள் 2 கணினி கிடைத்ததும் அறைக்குள் கொண்டுபோய் முழுவதுமாகப் பிரித்துப் போட்டார். பெற்றோருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைவிட முக்கியமானது செய்தித்தாள் சந்தா விற்ற அனுபவம். பதினாறு வயதில் கோடை விடுமுறையில் ‘ஹூஸ்டன் போஸ்ட்’ நாளிதழுக்குத் தொலைபேசி மூலம் சந்தா பிடிக்கும் வேலை கிடைத்தது. யார் சந்தா கட்டுகிறார்கள் என்று கவனித்தபோது இரண்டு வகையினர் தனியாகத் தெரிந்தார்கள்: புதிதாகத் திருமணம் ஆனவர்கள், புதிதாக வீடு வாங்கிக் குடிபோனவர்கள். டெக்சாஸில் திருமண உரிமம் பெறுவோரின் முகவரிகள் நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கும். யாரும் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கடன் பெற்றவர்களின் பட்டியலும் கிடைக்கும். நண்பர்களை அமர்த்தி, சுற்றியிருந்த மாவட்டங்களின் பதிவேடுகளிலிருந்து முகவரிகளை எடுத்து நேரடியாகக் கடிதம் அனுப்பினார். அந்த ஆண்டில் கிடைத்தது சுமார் 18,000 டாலர். பள்ளியில் பொருளாதாரம் கற்பித்த ஆசிரியருக்கு அது கொஞ்சம் சங்கடத்தை உண்டாக்கியது. மாணவனின் வருமானம் அவருடையதைவிட அதிகம்.

பின்னாளில் டெல் நிறுவனம் செய்த எல்லாமே இந்தக் கோடை வேலைக்குள் அடங்கியிருக்கிறது. வாங்கக்கூடியவர் யார் என்று முன்கூட்டியே கண்டறிவது, நடுவில் இருப்பவரைத் தாண்டி அவரிடமே போவது. இதைக் கல்லூரி கற்றுக் கொடுக்கவில்லை என்பது சரி. ஆனால் கல்லூரிக்குள் நுழையும் முன்பே அவர் கற்றிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியில் விட்டதால் வந்த திறமை என்று அதைக் கணக்கில் எழுத முடியாது.

விடுதி அறையும் சாம்பல் சந்தையும்

1983இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு ஆயத்தமாகும் படிப்பில் சேர்ந்தார். மகன் மருத்துவராக வேண்டும் என்பது வீட்டின் விருப்பம். இந்த விருப்பத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்போது கணினிச் சந்தை ஒரு விசித்திரமான நிலையில் இருந்தது. ஐபிஎம் 1981 ஆகஸ்டில் தன் தனிநபர் கணினியை வெளியிட்டிருந்தது. அவசரமாகச் சந்தைக்கு வர வேண்டியிருந்ததால் உள்ளே இருந்த பாகங்களில் பெரும்பாலானவற்றை வெளியாரிடமிருந்தே வாங்கியது: செயலி இன்டெல்லுடையது, இயக்க முறைமை மைக்ரோசாஃப்டுடையது. அதே பாகங்களைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். மைக்கேல் அந்தக் கணினியையும் பிரித்துப் பார்த்துக் கணக்குப் போட்டார். கடையில் ஏறத்தாழ 3,000 டாலருக்கு விற்ற பெட்டிக்குள் இருந்த பாகங்களின் விலை 600 முதல் 700 டாலர்தான். கடைக்காரர் ஐபிஎம்மிடம் சுமார் 2,000 கொடுத்து வாங்கி, 1,000 டாலர் லாபம் வைத்து விற்றார். அந்த ஆயிரத்துக்கு ஈடாக வாடிக்கையாளருக்குக் கிடைத்த உதவி மிகக் குறைவு. கணினி பற்றி ஒன்றும் தெரியாதவர்களே பல கடைகளில் விற்றுக் கொண்டிருந்தார்கள்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஐபிஎம் தன் முகவர்களுக்கு மாத ஒதுக்கீடு வைத்திருந்தது. கேட்ட அளவு சரக்கு வராதோ என்ற பயத்தில் முகவர்கள் தேவைக்கு மேல் கேட்பார்கள். சில மாதங்களில் கேட்ட அத்தனையும் வந்து இறங்கிவிடும். விற்காமல் தேங்கிய பெட்டிகள் கடைக்காரரின் பணத்தை முடக்கி வைக்கும். அடக்க விலைக்கோ அதற்கும் கீழேயோ தள்ளிவிட அவர்கள் தயாராக இருந்தார்கள். இப்படிக் கைமாறும் சரக்குக்குச் ‘சாம்பல் சந்தை’ என்று பெயர். மைக்கேல் அந்தப் பெட்டிகளை வாங்கினார், கூடுதல் மெமரியும் ஹார்டு டிஸ்க்கும் பொருத்தினார், செய்தித்தாளில் சிறு விளம்பரம் கொடுத்து மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், சிறு வியாபாரிகள் ஆகியோருக்குக் கடை விலையைவிடக் குறைவாக விற்றார். டெக்சாஸ் அரசு அலுவலகங்களின் ஒப்பந்தப்புள்ளிகளிலும் கலந்துகொண்டார். கடை வாடகை இல்லாதவரின் விலையோடு மற்றவர்களால் போட்டி போட முடியவில்லை. டோபி சென்டர் என்ற உயரமான விடுதிக் கட்டடத்தின் 27ஆம் மாடியில், 2713ஆம் எண் அறையில் இவ்வளவும் நடந்தது.

அந்த ஆண்டு நவம்பரில், மதிப்பெண்கள் சரிகின்றன என்ற சந்தேகத்தில் பெற்றோர் திடீரென்று ஆஸ்டினுக்கு வந்தார்கள். வரப்போகும் செய்தி கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. கணினிகளை அள்ளி அறைத்தோழரின் குளியலறைத் தொட்டியில் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்தார். புத்தகம் எதுவும் கண்ணில் படாததே தந்தைக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. வாழ்க்கையில் என்ன செய்யப் போகிறாய் என்று அவர் கேட்க, ஐபிஎம்முடன் போட்டி போடப் போகிறேன் என்று மகன் பதில் சொன்னதாக மைக்கேலே எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படிப்பதாக வாக்குக் கொடுத்தார். அது பத்து நாள் தாங்கியது.

விலகலின் விலை

1984 ஜனவரியில் ‘பிசிஸ் லிமிடெட்’ என்ற பெயரில் தொழிலைப் பதிவு செய்தார். மே மாதத் தொடக்கத்தில் ‘டெல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன்’ என்ற சட்டப்படியான நிறுவனமாக மாற்றினார். மூலதனம் ஆயிரம் டாலர்.

இந்த ஆயிரம் டாலர்தான் எல்லாக் கதைகளிலும் வருகிறது. ஆயிரம் டாலரை வைத்து ஒரு சாம்ராஜ்யம் என்று வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது டெக்சாஸ் சட்டம் அன்று நிறுவனப் பதிவுக்குக் கேட்ட குறைந்தபட்சத் தொகை. அதே சமயத்தில் அவருடைய மாத விற்பனை 50,000 முதல் 80,000 டாலர் வரை போய்க்கொண்டிருந்தது. தொடங்குவதற்காகக் கல்லூரியை விட்டார் என்பது தவறு. ஓடிக்கொண்டிருந்த தொழில் நேரத்தைக் கேட்டதால் விட்டார். முதலாண்டுத் தேர்வுகளை எழுதிவிட்டே வெளியேறினார்.

பெற்றோருடன் அவர் செய்துகொண்ட ஏற்பாடு இன்னும் கவனிக்கத் தக்கது. கோடைக்காலம் முழுவதும் தொழிலைப் பார்ப்பது, சரியாகப் போகவில்லை என்றால் இலையுதிர் பருவத்தில் மீண்டும் வகுப்புக்குப் போவது. ஒரு பருவம் விடுப்பு எடுத்துத் திரும்ப அந்தப் பல்கலைக்கழகம் அனுமதித்தது. ஆக அவர் பந்தயம் கட்டியது ஒரு கோடை விடுமுறையை மட்டும். தோற்றிருந்தால் பத்தொன்பது வயதில் இரண்டாமாண்டு மாணவராக இருந்திருப்பார். மருத்துவரான தந்தையின் வீடு இருக்கும், கட்ட வேண்டிய கடன் ஏதும் இருக்காது.

நம் ஊரில் இதே முடிவின் விலை வேறு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பட்டம் என்பது வேலைக்கான அனுமதிச் சீட்டு, கல்விக் கடனுக்கான நம்பிக்கை, பல வீடுகளில் திருமணப் பேச்சின் முதல் வரி. நடுவில் நின்றவருக்குத் திரும்பிப் போக எளிதான வழி இல்லை. அந்தப் பிள்ளையிடம் போய் மைக்கேல் டெல்லைப் பார் என்று சொல்பவர், மைக்கேல் கொடுத்த விலையைப் பார்க்கவில்லை என்றே நான் சொல்வேன்.

வகுப்பறை நிறுவனத்துக்கு வந்தது

1985இல் சொந்த வடிவமைப்பில் முதல் கணினியான டர்போ பிசி 795 டாலருக்கு வெளிவந்தது. அடுத்த ஆண்டு, ஐபிஎம் 6 மெகாஹெர்ட்ஸ் வேகக் கணினியை 3,995 டாலருக்கு விற்றபோது, டெல் 12 மெகாஹெர்ட்ஸ் கணினியை 1,995 டாலருக்குக் கண்காட்சியில் வைத்தது. இரட்டை வேகம், பாதி விலை. பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன.

இந்தக் கட்டத்தில் மைக்கேலுக்குப் பணத்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டது நம்பகத்தன்மை. இருபத்தொரு வயதுக்காரருக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? 1986இல் லீ வாக்கர் என்ற அனுபவமிக்க நிர்வாகியைத் தலைவராகக் கொண்டுவந்தார். வங்கிக் கடன் வசதி வாக்கரின் மூலம் வந்தது. இயக்குநர் குழுவுக்கு இரண்டு பெரிய மனிதர்களையும் வாக்கரே அழைத்து வந்தார். ஒருவர் அட்மிரல் பாபி இன்மன், அமெரிக்க உளவுத்துறையில் உயர்பதவிகளை வகித்துவிட்டு ஆஸ்டினில் ஒரு மின்னணு ஆராய்ச்சிக் கூட்டமைப்பை நடத்தியவர். மற்றவர் ஜார்ஜ் கோஸ்மெட்ஸ்கி, டெலிடைன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1966 முதல் 1982 வரை டெக்சாஸ் பல்கலைக்கழக வணிகக் கல்லூரியின் முதல்வராக இருந்தவரும் அவரே.

மைக்கேல் எந்த வளாகத்தை விட்டு வெளியேறினாரோ, அதே வளாகத்தின் வணிகக் கல்லூரி முதல்வராக இருந்தவர் அவருடைய நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்ல வந்தார். வகுப்பில் நூறு பேரோடு உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியதை அவர் தனியாக, தம் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டார். படிப்பை விட்டார் என்று எந்தப் பொருளில் சொல்வது?

1987 அக்டோபரில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் மூலம் தனியார் முதலீட்டாளர்களிடமிருந்து 2.1 கோடி டாலர் திரட்டினார். அது பங்குச்சந்தை சரிந்த மாதம். ஆனாலும் பணம் வந்து சேர்ந்தது. 1988 ஜூனில் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கின் விலை 8.50 டாலர்; திரண்டது சுமார் 3 கோடி டாலர். 1987க்கு முன்பிருந்த ஆண்டுகளில் வெளி முதலீட்டாளர் எவரும் உள்ளே வரவில்லை. தொழில் தன் விற்பனைப் பணத்திலும் வங்கிக் கடனிலும் ஓடியது. பங்குகள் பெருமளவில் அவரிடமே இருந்தன. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விழுந்த இடங்கள்

1988இல் மெமரி சிப்புகளின் விலை உச்சத்தில் இருந்தபோது டெல் அவற்றை மலைபோல் வாங்கிக் குவித்தது. 1989இல் விலை சரிந்தது, தொழில்நுட்பமும் அடுத்த கொள்ளளவுக்குத் தாவியது. கையில் இருந்ததை நட்டத்துக்கு விற்றுத் தீர்க்க வேண்டி வந்தது. வாடிக்கையாளர் கேட்காத வசதிகளை எல்லாம் அடைத்து ‘ஒலிம்பிக்’ என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தையும் பாதியில் கைவிட்டார்கள்.

இவை சிறிய அடிகள். பெரிய அடி 1993இல் விழுந்தது. 1992 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் 89 கோடி டாலராக இருந்த விற்பனை அடுத்த ஆண்டே 200 கோடியைத் தாண்டியது. இவ்வளவு வேகமாக வளரும் நிறுவனத்தைப் பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். உள்ளே கணக்கு எழுதுபவருக்குத் தூக்கம் வராது. விற்பனை இரட்டிப்பானால் அதைத் தாங்கும் சரக்கும் இரட்டிப்பாக வேண்டும், வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியும் இரட்டிப்பாகும், அதற்கெல்லாம் ரொக்கம் வேண்டும். ரொக்கம் தீர்ந்துகொண்டிருந்தது. புதிய பங்கு வெளியீட்டுத் திட்டத்தை ரத்து செய்தார்கள். மடிக்கணினிகள் தரமில்லாமல் போக, வரிசையில் இருந்த மாதிரிகளை ஏறத்தாழ முழுவதுமாகக் கைவிட்டார்கள். வரலாற்றில் முதல் முறையாக ஒரு காலாண்டு நட்டத்தில் முடிந்தது. பெரிய கடைகள் வழியாக விற்றுப் பார்த்ததில் லாபமே இல்லை என்பதும் தெரிந்தது. 1994இல் அதிலிருந்து வெளியேறினார்கள்.

மீட்சிக்கு ஆள் வெளியிலிருந்து வந்தார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸிலிருந்து வந்த நிதித் தலைவர் டாம் மெரிடித், மோட்டரோலாவிலிருந்து வந்த மார்ட் டாஃபர், ஆப்பிளில் பவர்புக் மடிக்கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் மெடிக்கா. வளர்ச்சி ஒன்றே குறி என்றிருந்த நிறுவனத்தில் வரிசை மாறியது: முதலில் ரொக்கம், அடுத்து லாபம், அதன்பிறகே வளர்ச்சி. மெடிக்கா வந்ததும் ஒரே ஒரு மாதிரியைத் தவிர மற்ற மடிக்கணினிகளை எல்லாம் வெட்டினார். மிஞ்சியது சோனியின் லித்தியம் அயனி மின்கலத்தோடு 1994இல் வெளிவந்து நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றியது. அதே சோனி மின்கலங்கள் தீப்பிடிக்கின்றன என்று 2006இல் 41 லட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது தனிக்கதை.

மற்றவர் பணத்தில் ஓடிய தொழில்

இந்த ஆய்வின் இதயம் இங்கே இருக்கிறது. 1996 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் டெல் நிறுவனத்தின் பாகங்களும் சரக்கும் சராசரியாக 31 நாள் கிடங்கில் இருந்தன. விற்ற பொருளுக்குப் பணம் வர 42 நாள். பாகம் கொடுத்தவர்களுக்கு 33 நாளில் பணம் கட்டினார்கள். 31ஐயும் 42ஐயும் கூட்டி 33ஐக் கழித்தால் 40. அதாவது ஒவ்வொரு கணினிக்கும் நிறுவனம் தன் கைப்பணத்தை 40 நாள் முடக்கி வைத்தது.

அடுத்த ஆண்டில் சரக்கு 13 நாள், வர வேண்டியது 37 நாள், கட்ட வேண்டியது 54 நாள். விடை கழித்தல் 4. அதற்கு அடுத்த ஆண்டில் 7, 36, 51. விடை கழித்தல் 8. எண் கழித்தலில் போனதன் பொருள், கணினிக்கான பணம் வாடிக்கையாளரிடமிருந்து வந்து எட்டு நாள் கழித்தே பாகம் கொடுத்தவருக்குப் போகிறது. கல்யாணப் பந்திக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, காய்கறிக்காரருக்குப் பந்தி முடிந்த பிறகு கணக்குத் தீர்க்கும் சமையல்காரரின் வழி இது.

தொகையாகப் பார்த்தால் இதன் வீரியம் தெரியும். 1998 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை 1,230 கோடி டாலர். ஒரு நாளுக்குச் சுமார் 3.4 கோடி. பழைய 40 நாள் சுழற்சியே நீடித்திருந்தால் தோராயமாக 135 கோடி டாலரை நிறுவனம் எங்கிருந்தோ கொண்டுவந்து முடக்கியிருக்க வேண்டும். கடன் வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் புதிய பங்கு விற்றிருக்க வேண்டும். புதிய பங்கு விற்றால் நிறுவனருடைய பங்கு விகிதம் சுருங்கும். மாறாக, சுமார் 27 கோடி டாலர் அளவுக்கு மற்றவர் பணம் வட்டியில்லாமல் அவர்கள் கையில் சுழன்றது.

இதைச் சாத்தியமாக்கியது ஆர்டர் வந்த பிறகே கணினியைச் சேர்க்கும் முறை. வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்பார், 1996க்குப் பிறகு இணையதளத்திலும் கேட்பார். 1997 தொடக்கத்தில் இணையதளம் மட்டுமே ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலருக்கு விற்றது. பாகம் தருபவர்கள் ஆலைக்கு அருகிலேயே கிடங்கு வைத்து, கேட்ட மணிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். போட்டியாளரான காம்பேக் முகவர்களுக்கு விற்றது. அதன் கணினிகள் வாரக்கணக்கில் கடை அலமாரிகளில் காத்திருந்தன. கணினிப் பாகங்களின் விலை வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் சரிந்த காலம் அது. காத்திருந்த ஒவ்வொரு வாரமும் நட்டம். 1999இல் அமெரிக்கச் சந்தையில் டெல் முதலிடத்துக்கு வந்தது.

பாகம் கொடுத்தவர்களுக்கு இது நல்லதா என்று கேட்டால், நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 51 நாள் காத்திருந்தவர்கள் அவர்கள்தானே. இந்த முறையைப் புகழும் வணிகப் பாடங்கள் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதே இல்லை.

இறக்கமும் கறையும்

2004இல் மைக்கேல் தலைமைச் செயல் அதிகாரி பதவியைக் கெவின் ரோலின்ஸிடம் கொடுத்துவிட்டுத் தலைவராக மட்டும் இருந்தார். அதற்குள் நேரடி விற்பனையின் சிறப்பு தேயத் தொடங்கியிருந்தது. வாங்குபவர்கள் அலுவலக மேசைக் கணினியிலிருந்து மடிக்கணினிக்கு மாறினார்கள். மடிக்கணினியைத் தொட்டுப் பார்த்து வாங்கவே மக்கள் விரும்பினார்கள். 2006இல் எச்பி முந்தியது. 2007 ஜனவரி இறுதியில் மைக்கேல் மீண்டும் பொறுப்புக்கு வந்தார். அந்த ஆண்டிலேயே டெல் கணினிகள் வால்மார்ட் கடைகளுக்குப் போயின. முகவரே வேண்டாம் என்ற கொள்கை அங்கே முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இன்டெல் நிறுவனத்திடமிருந்து பெற்ற தொகைகளை முதலீட்டாளர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. போட்டிச் செயலிகளைப் பயன்படுத்தாமல் இருப்பதற்காக அந்தத் தொகைகள் தரப்பட்டன என்பது ஆணையத்தின் வாதம். அவை இல்லாமல் டெல் தன் லாப இலக்குகளை எட்டியிருக்காது என்றும் அது சொன்னது. 2010இல் நிறுவனம் 10 கோடி டாலரும், மைக்கேல் தனிப்பட்ட முறையில் 40 லட்சம் டாலரும் கட்டி, குற்றத்தை ஏற்கவும் மறுக்கவும் செய்யாமல் வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

16 சதவீதம் 75 ஆனது

இன்று நாம் பேசும் அந்த மாபெரும் தொகை விடுதி அறையிலிருந்து நேர்கோட்டில் வரவில்லை. 2012 இறுதியில் டெல் பங்கு 9 டாலருக்கும் கீழே கிடந்தது. 2000ஆம் ஆண்டு உச்சத்தில் அது 58 டாலரை ஒட்டிப் போயிருந்தது. கணினி காலம் முடிந்தது, இனிக் கைப்பேசியும் பலகைக் கணினியும் மட்டுமே என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த நேரம்.

2013 பிப்ரவரியில் மைக்கேல், சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பொதுமக்களிடம் இருந்த பங்குகளை எல்லாம் திரும்ப வாங்கப் போவதாக அறிவித்தார். விலை குறைவு என்று கார்ல் ஐகான் என்ற பெரும் முதலீட்டாளர் மாதக்கணக்கில் சண்டை போட்டார். கடைசியில் ஒரு பங்குக்கு 13.75 டாலர், கூடவே 13 சென்ட் சிறப்பு ஈவுத்தொகை என்று முடிவானது. மொத்தம் 2,490 கோடி டாலர். மைக்கேல் தம்மிடம் இருந்த சுமார் 16 சதவீதப் பங்குகளை விற்காமல் உள்ளேயே வைத்து, 75 கோடி டாலர் ரொக்கமும் போட்டார். மைக்ரோசாஃப்ட் 200 கோடி கடன் கொடுத்தது, வங்கிகளும் பெரும் கடன் கொடுத்தன. அக்டோபர் இறுதியில் எல்லாம் முடிந்தபோது நிறுவனத்தில் அவருடைய பங்கு ஏறத்தாழ 75 சதவீதம்.

ஒரே ஆண்டில், பெரும்பாலும் கடன் பணத்தில், 16 சதவீத உரிமையாளர் முக்கால் பங்கு உரிமையாளராக மாறினார். அப்போது அவருக்கு வயது 48. கல்லூரியை விட்ட 19 வயது முடிவோடு இதை ஒப்பிட்டால் முந்தையது விளையாட்டு.

விலை நியாயமானதா? ஒரு பங்கின் நியாய மதிப்பு 17.62 டாலர் என்று டெலவேர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டப்படி விவகாரம் முடிந்தது. ஆனால் நிறுவனத்தைப் பற்றி வேறு யாரையும்விட அதிகம் தெரிந்த ஒருவர், அது மிகத் தாழ்ந்திருந்த நேரத்தில், சாதாரணப் பங்குதாரர்களிடமிருந்து அதை வாங்கினார் என்ற உண்மை மட்டும் அப்படியே இருக்கிறது.

பிறகு 2015 அக்டோபரில் அறிவித்து 2016 செப்டம்பரில் முடித்தது இஎம்சி என்ற தரவுச் சேமிப்பு நிறுவனத்தை வாங்கும் பேரம்: 6,700 கோடி டாலர். தொழில்நுட்பத் துறை அதுவரை கண்டிராத தொகை. இதிலும் பெரும்பகுதி கடன். இஎம்சியோடு சேர்ந்து அதன் கையில் இருந்த விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தின் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கும் வந்தது. அந்தப் பங்கை மறைமுகமாகக் குறிக்கும் ஒரு தனிவகைப் பங்கை வெளியிட்டு, 2018இல் அதைத் திரும்பப் பெற்றபோது தங்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். அது 100 கோடி டாலரில் சமரசமானது. அந்தப் பங்கு மாற்றத்தின் வழியாகவே டெல் 2018 டிசம்பரில் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது. 2021இல் விஎம்வேரைத் தனியாகப் பிரித்தார்கள். அதில் மைக்கேலின் பங்கு சுமார் 40 சதவீதம். 2022இல் பிராட்காம் என்ற சிப் நிறுவனம் விஎம்வேர் முழுவதற்கும் 6,100 கோடி டாலர் விலை பேசி, 2023 நவம்பரில் வாங்கி முடித்தது.

அவருடைய இன்றைய சொத்தில் கணிசமான பகுதி இந்த விஎம்வேர் வழியாக வந்தது. ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்கள்போல் இயங்க வைக்கும் மென்பொருளை உருவாக்கும் அந்த நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்ப்ளம் என்ற பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் செய்த ஆராய்ச்சியிலிருந்து 1998இல் பிறந்தது. இஎம்சி 2004இல் அதை 63.5 கோடி டாலருக்கு வாங்கியது. ரோசன்ப்ளம் 2008இல் விஎம்வேரிலிருந்து விலகி, பேராசிரியர் பணியைத் தொடர ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பினார்.